தட்டின்ர முகத்தைத் தொடாதேயுங்கோ!

உள்ளே விட்டுவிட்டார்கள்! கொழும்பு சுதந்திர சதுக்கம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், இசைத்தட்டுக் களஞ்சியம். தமிழ்நாட்டின் மத்திகிரியில் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தே வளர்ந்த எனக்கு இதுதான் மூலஸ்தானம். வாங்க, என்கூடவே வாங்க.

பழைய அட்டையும் தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. அலமாரி அலமாரியாகப் பழுப்பு உறைகள், உறைமேல் பேனாவில் எழுதிய எண்கள். ஓர் உறையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக்கறை! அந்நாள் அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனனின் கோப்பையாக இருக்குமோ என்று நினைத்ததுமே எனக்குப் புல்லரித்துவிட்டது.

கை தானாக நீண்டது. “தம்பி, தட்டின்ர முகத்தைத் தொடாதேயுங்கோ, விளிம்பிலை பிடியுங்கோ!” நமக்கு வழிகாட்ட வந்திருக்கும் ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் பதறிப்போனார். பிறகு அவரே சிரித்தார். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் கிடைக்கும் முதல் திட்டு இதுதானாம்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டுதான் பிடிக்கும். நீளமான பாட்டென்றால் பாதி மறுபக்கம் போய்விடும். நாம் வீட்டில் சொக்கிக் கிடக்க, இங்கே ஒருவர் வியர்த்து விறுவிறுத்துத் தட்டைப் புரட்டி, ஊசியை இடம் பார்த்து இறக்குவார். பெரியவர் வெறும் மேசையில் செய்து காட்டுகிறார். நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லாத தட்டை விரல் நுனியால் அரைச்சுற்று பின்னுக்குத் தள்ளுகிறார். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! வயது போன இடமே தெரியவில்லை.

1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினாரே, அப்போது இந்தியாவே கொழும்பின் பக்கம் வானொலி முள்ளைத் திருப்பியது. பம்பாயில் அமீன் சயானி பதிவு செய்த ‘பினாகா கீத்மாலா’கூட இங்கிருந்துதான் ஒலித்தது. 1957இல் விவிதபாரதி வந்த பிறகும் எங்கள் பக்கம் கொழும்பை விடவில்லை. மத்திகிரிக் கால்நடைப் பண்ணைப் பக்கம் காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுக்கொண்டுதான் பால் கறப்பார்கள். ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் ஊர் எங்களுடையது. இதே நிலையம் தெலுங்குப் பாட்டும் போட்டதால், பெட்டி யாருக்குச் சொந்தம் என்று சண்டையே வரும்!

ஒலிப்பதிவுக் கூடத்தை எட்டிப் பார்க்கிறோம். நான் நினைத்ததைவிட எத்தனை சின்ன அறை! மின்னல் வேகத்தில் பேசி அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா நம்மைக் கட்டிப்போட்டதும், பி.எச்.அப்துல் ஹமீத் பின்னாளில் தொலைக்காட்சி வரைக்கும் போன ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியதும் இந்த நிலையத்து ஒலிவாங்கிகளில்தான். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒரு பெயரையும் விழுங்காமல் சொல்வார்களே, அதற்காகவே இவர்கள் என்றால் எனக்கு உயிர். தமக்குப் பிடித்த பாட்டை ஊருக்கெல்லாம் பரிமாறுவதில் ஒரு பசி இருந்தது இவர்களிடம்.

“எங்களுக்கும் ஒரு பாட்டுப் போடுங்களேன்” என்று கேட்டேவிட்டேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “படத்தின்ர பெயர், பாடினவர், எழுதினவர்... மூண்டும் சரியாச் சொன்னால் போடுறன்” என்கிறார். ஐயோ, எழுதினவர் யார்? உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், தட்டு அவர் கையில் இருக்கிறது!