மலாயாவும் யாழ்ப்பாணமும்: இரு கரைகளில் வாழ்ந்த குடும்பம்

யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குச் சென்ற வரலாறு பெரும்பாலும் ஆண்மக்களின் வரலாறாகவே கூறப்பட்டு வந்துள்ளது. ஆங்கிலங் கற்ற இளைஞன் ஒருவன் கப்பலேறினான். கிளாக்கர் உத்தியோகமோ புகையிரத உத்தியோகமோ பெற்றான். முதுமையிற் பென்சனுடன் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினான் என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் கதை. இக்கதையிற் குடும்பத்துக்கு இடமில்லை. ஆயின், இப்பெயர்வின் உண்மையான அலகு தனிமனிதனன்று, குடும்பமே என்பதும், அக்குடும்பம் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குச் சென்ற குடும்பமன்று, இரு நாடுகளிலும் ஒரே வேளையில் வாழ்ந்த குடும்பம் என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

பெயர்வுக்கான காரணங்கள் ஓரளவு நன்கறியப்பட்டவை. மிசனரிமாரும் அவர்களுக்குப் போட்டியாகச் சைவ அபிமானிகளும் நிறுவிய பாடசாலைகள், இலங்கையின் அரசாங்கக் கந்தோர்கள் ஏற்கக்கூடிய தொகைக்கு மேலாக ஆங்கிலங் கற்றோரை உருவாக்கின. 1869 முதல் பரவிய இலைநோயினாற் கோப்பிப் பயிர்ச்செய்கை சிதைந்தமை அவர்தம் வாய்ப்புக்களை மேலும் சுருக்கிற்று. அதேவேளை, வெள்ளீயமும் பின்னர் இறப்பரும் மலாயாவைத் திறந்தன. 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இடப்பட்ட முதல் இருப்புப்பாதையை அமைப்பதற்கே இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் வருவிக்கப்பட்டனர். இலங்கையிற் பணிபுரிந்த பிரித்தானிய உத்தியோகத்தர் பலர் அங்கு சென்றபோது, தமக்குப் பழக்கமான கீழுத்தியோகத்தரை நாடியதில் வியப்பில்லை. காலனித்துவ நிருவாகம் ஓரிடத்திற் பயிற்றியவரை இன்னோரிடத்திற் பயன்படுத்திற்று.

நாணய மாற்றும் கவனிக்கத்தக்கது. 1906 இல் நீரிணைக் குடியேற்ற டொலர் இரண்டு சிலிங் நாலு பென்சாக நிலைநிறுத்தப்பட்டது. இலங்கை ரூபாவோ ஒரு சிலிங் நாலு பென்சு. எனவே, ஊருக்கு அனுப்பப்பட்ட நூறு டொலர் நூற்றெழுபத்தைந்து ரூபாவாயிற்று. அங்கே சிக்கனமாக வாழ்ந்து இங்கே செலவிடும் ஒழுக்கத்தை யாழ்ப்பாணத்தாரின் இயல்பான குணமெனப் புகழ்வோரும் இகழ்வோரும் இக்கணக்கையும் நோக்குதல் நன்று.

பயணம் இக்குடும்பங்களின் வாழ்வில் ஒரு சடங்கெனத்தகும் இடத்தைப் பெற்றது. 1905 இல் யாழ்ப்பாணம் கொழும்புடன் புகையிரதத்தால் இணைக்கப்பட்ட பின்னர்க் கொழும்புத் துறைமுகம் எட்டுந் தூரத்துக்கு வந்தது. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், தென்னிந்தியக் கோயில்களைத் தரிசித்து நாகபட்டினத்திற் கப்பலேறும் வழியும் வாய்த்தது. 1926 இற் கட்டப்பட்ட ‘ரஜூலா’ சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் மார்க்கத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதன் மேற்றட்டிற் பாய்விரித்துச் சென்றோருட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளராகவும் சிறு வணிகராகவும் இருந்த தமிழகத்தார். ஒரே கப்பலிற் சென்ற இரு சாராரும் கரையிறங்கியதும் பிரிந்தனர். ஒருவர் இறப்பர்த் தோட்டத்து லயத்துக்கும், மற்றவர் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ இருந்த புகையிரதக் குவாட்டேர்ஸுக்கும் சென்றனர். தனிச் சங்கம், நல்லூரை நினைவூட்டும் தனிக் கந்தசுவாமி கோயில், தனிக் கூட்டுறவுச் சங்கம் என இலங்கைத் தமிழர் தம்மை வேறுபடுத்தியே வாழ்ந்தனர். ஒரே மொழி பேசியவர்களிடையே வர்க்கம் இட்ட இக்கோட்டினை எமது பெருமைக் கதைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

ஊரில் எஞ்சிய பாதிக் குடும்பத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்லவேண்டும். மனைவி கணவனுடன் சென்ற குடும்பங்களும் உண்டு. தாலி கட்டிய சில கிழமைகளிற் கணவன் தனியே கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. பிந்தியவற்றில் நிலத்தையும் பிள்ளைகளையும் பராமரித்தவள் பெண்ணே. ஆயினும், அவளுடைய உரிமை யாது? தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்து. ஆனால் 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும் அவள் தன் அசைவற்ற சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவனோ ஈப்போவில் இருக்கிறான். கடிதம் சென்று மறுமொழி வரும்வரை மகளின் கலியாணப் பேச்சு காத்திருக்குமா? இத்தகைய நிலையிலேதான் அற்றோணித் தத்துவம் பயன்பட்டது. அது மனைவியின் கைக்கு வராது, கணவனின் தமையனிடமோ மாமனிடமோ சென்றால், தன் சீதனக் காணியிலேயே அவள் பிறர் தயவை நாடுபவளானாள். மலாயாக் காசிலே வாங்கிய காணி விவாக காலத்துத் தேடியதேட்டம்; அதிற் பாதி அவளுக்குரியது. உறுதியிற் பாதி அவளுடையதாயினும், அதனைக் கையாளும் அதிகாரம் கடலுக்கப்பால் இருந்தது. இம்முரண்பாட்டை ஆராய்வதற்கு நொத்தாரிசுமாரின் பழைய உறுதிகளைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அவற்றுட் பல போரில் அழிந்துபோனமை வருந்தத்தக்கது.

பிள்ளைகள் எக்கரையில் வளர்வது என்பது இக்குடும்பங்களின் தீராத வினா. அதற்குக் கிடைத்த விடைகள் எத்துணை வேறுபட்டவை என்பதற்குப் பலரறிந்த இருவரை எடுத்துக்காட்டலாம். சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 இல் ஈப்போவிற் பிறந்தவர். அவருக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது தாயார் கல்வியின் பொருட்டுப் பிள்ளைகளுடன் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். எஸ். இராஜரத்தினமோ 1915 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்தார். மலாயாவிற் பிறந்தவர் 1949 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். யாழ்ப்பாணத்திற் பிறந்தவர் 1965 இற் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சராகி, இன, மொழி, மத வேறுபாடுகளுக்கு அப்பாற்பட்ட அந்நாட்டின் உறுதிமொழியை 1966 இல் வரைந்தார். இதனை வெறும் தற்செயல் எனக் கொள்ளலாகாது. இரு கரைகளிலும் கால் வைத்த குடும்பத்தில் எக்காலை எடுப்பது என்பதைத் தாய்தந்தையர் தீர்மானித்தனர். அதன் விளைவை அரசியல் பின்னர் ஏற்றுக்கொண்டது.

யுத்தம் இவ்வமைப்பின் நரம்பை அறுத்தது. 1942 பெப்ரவரி 15 இற் சிங்கப்பூர் வீழ்ந்ததும் காசுக்கட்டளையும் கடிதமும் நின்றுபோயின. மூன்றரை ஆண்டுகள் யாழ்ப்பாணத்து வீடுகள் மலாயாவிலிருந்து வரும் வருமானமின்றியும், இருப்பவர் இறந்தவர் செய்தியின்றியும் கிடந்தன. யுத்தம் முடிந்தபோது சப்பானியர் அச்சிட்ட ‘வாழைமரத்’ தாள்கள் பெறுமதியற்றுப் போயின.

அதன்பின் வந்தவை புதிய அரசுகளும் அவற்றின் குடியுரிமைச் சட்டங்களும். ஒரே பேரரசின் குடிகளாக இரு கரைகளிலும் வாழமுடிந்தவர்கள் இப்போது ஒன்றைத் தெரிய வேண்டியவராயினர். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் முதன்மையாக மலையகத் தமிழரைக் குடியுரிமை அற்றவராக்கிற்று. எனினும், பிறந்த இடத்தைவிடத் தந்தைவழியைப் பெரிதாக்கிய அச்சட்டம், அந்நாளுக்கு முன் வெளிநாட்டிற் பிறந்தவரிடம் இரு தலைமுறை ஆண்வழியின் இலங்கைப் பிறப்பைக் கேட்டது. யாழ்ப்பாணத்து மலாயாக் குடும்பங்கள் பல அச்சான்றைக் காட்டக்கூடியனவாயிருந்தன. தலைமுறை தலைமுறையாக இங்கு உழைத்த தோட்டத் தொழிலாளி காட்ட முடியாதவனாயிருந்தான். ஈப்போவிற் பிறந்த செல்வநாயகம் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். மலாயாப் பென்சனில் வளர்ந்த எமது மத்தியதர வர்க்கத்தின் பிரதிநிதிகள் யாவரும் அவ்வழி நிற்கவில்லை.