தேநீர் தொடாதவர்கள் தேடும் பெயர்கள்

நாம் கிள்ளும் கொழுந்தைத் தேநீராக்கி நீட்டினாலும், "வேண்டாம்" என்று கும்பிடும் சமயத்தார் உலகில் உண்டு. வாசகர்களே, அவர்கள்தாம் மார்மன்கள்.

1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. பைபிளோடு மார்மன் நூலையும் இவர்கள் வேதமாகக் கொள்வர். 1833-இல் அவர் வகுத்த நெறியின்படி மது, புகையிலை, காப்பி, தேநீர் நான்கும் விலக்கு. 1844-இல் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் தலைமையில் மக்கள் வண்டி கட்டிப் புறப்பட்டு, 1847-இல் யூட்டாவில் குடியேறினர். பலதார மணத்தை நிறுத்துமாறு 1890-இல் சபைத் தலைமையே அறிவித்தது.

1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியர் நம் சென்னைக்கே வந்தார். 1849-இல் தம் வீட்டிலேயே சிறுவர்க்கு ஞாயிறு பள்ளி நடத்தியவர் அவர். சென்னையில் சேர்ந்தவர் சிலரே. மறு ஆண்டே திரும்பிவிட்டார்.

குடும்ப உறவு சாவோடு அறுவதில்லை என்பது இவர்கள் நம்பிக்கை. இறந்த முன்னோர்க்காகவும் கோயிலில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அதற்குப் பெயர் தெரிய வேண்டுமே! 1894-இல் அதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். பல நாட்டுப் பதிவேடுகளைப் படமெடுத்து, மலையைக் குடைந்த அறையில் காக்கிறார்கள்.

நாமோ? வகுப்பில் கேட்டேன். தாத்தாவின் அப்பா பெயரைச் சொன்ன பிள்ளை ஒன்றுகூட இல்லை. கப்பலேறி வந்தவர்களின் பெயர் நம்மோடு மறையலாமா?

அவர்கள் நம்பிக்கை அவர்களோடு இருக்கட்டும். அந்த அக்கறையை நாம் எடுத்துக்கொள்வோம். இன்றிரவு பாட்டிக்குச் சூடாக ஒரு தேநீர் கொடுங்கள். நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்காருங்கள். ஊர்ப் பெயரையும் கேட்க மறவாதீர்கள்.