தேருக்கு ஒரு டெய்லர்!

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 'சிஸ்டர்ஸ்' என்று ஒரு சின்ன ஊர். (பெயரைப் பார்த்து இளைஞர்கள் டிக்கெட் புக் பண்ணிவிட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மூன்று மலைச் சிகரங்களின் பெயர் அது!) ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்த ஊர் முழுக்கப் போர்வைகள் தொங்கும். கடைச் சுவர், மாடிக் கைப்பிடி, தாழ்வாரம்... ஓர் இடம் பாக்கி கிடையாது. எல்லாம் கலர் கலராகத் துணி வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்த போர்வைகள். 1975-ல் ஜீன் வெல்ஸ் என்ற பெண்மணி தன் துணிக்கடைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டார். அதில் ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான போர்வைகள், ஆயிரக்கணக்கான ஜனம்!

இதை ஆபீஸில் சொன்னபோது பக்கத்து ஸீட் நண்பர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நம்ம ஊர்ல போர்வையை வெளியே தொங்கவிட்டா, 'என்ன ஸார், ராத்திரி குழந்தை நனைச்சிருச்சா?'னுதான் கேப்பாங்க!"

அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனால் நம்மிடமும் ஒட்டுத்துணிக்கு ஒரு திறந்தவெளிக் கண்காட்சி இருக்கிறது. ஒரே வித்தியாசம், அது சக்கரத்தின் மேல் நகர்ந்து வரும்.

தேர்தான்!

தேர் என்றால் நமக்கு மரம், சக்கரம், வடம் ஞாபகம் வரும். துணி ஞாபகம் வருவதில்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி என்கிறோமே, அதில் மரத்தேர் 30 அடிதான். அதற்கு மேலே கண்ணை நிமிர்த்திப் பார்ப்பதெல்லாம் மூங்கிலும் துணியும் கலசமும். அந்தத் துணியைத் தைத்தது யார் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

கேட்டுவிடுவது என்று பங்குனியில் திருச்சுழிக்குக் கிளம்பினேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, அங்கே தறிச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே ஒரு டீ, பிறகு திருச்சுழி பஸ். வழி நெடுக வெயில், கரிசல், சீமைக் கருவேலம். சுந்தரர் பாடிய தலம். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்தி, சுழியாக்கிப் பூமிக்குள் அனுப்பிய இடம் என்பது தல புராணம்.

"கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம் சாமி" என்றார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த விவசாயி. ஜன்னலுக்கு வெளியே குண்டாறு பொட்டலாகக் கிடந்தது.

நான் போனது தேருக்கு முதல் நாள். திருமேனிநாதர் கோயில் பக்கத்தில், நிழல் பார்த்து ஒரு பெரிய சிவப்புத் துணியை விரித்துப் போட்டு, நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். அறுபதைத் தாண்டிய வயது. மூக்கு நுனியில் கண்ணாடி.

"வாங்க தம்பி, உக்காருங்க. பாத்து... அது யாளி, மிதிச்சிராதீங்க!"

காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். கிட்டத்தில் பார்த்தால் யாளி மாதிரியே இல்லை. முட்டை முட்டையாகக் கண், சுண்டுவிரல் பருமனுக்குக் கறுப்புக் கரை.

"கிட்டப் பாத்தா பூதம் மாதிரித்தான் இருக்கும். கீழ தெருவுல நிக்கிறவனுக்குல்ல தெரியணும்? கோடு தடிமனா இருந்தாத்தான் தூரத்துல கண்ணு கண்ணாத் தெரியும், மூக்கு மூக்காத் தெரியும்."

வேலை இப்படி. அடித்துணி காடா. அதன் மேல் மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பில் கிளி, மயில், தாமரை, சிங்கம் என்று வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து வைத்துத் தைக்க வேண்டும். நேர்கோடு என்றால் மெஷினே போதும். கிளி மூக்கு வந்தால் கைத்தையல். வளைவான இடத்தில் ஓரத்தைக் கத்தரியால் சின்னச் சின்னதாக நறுக்கி விட்டால்தான் மடிப்பு சுருங்காமல் படியும். தேரின் நாலு பக்கமும் தூண் மாதிரித் தொங்குகிறதே, அதற்குத் தொம்பை என்று பெயர். உள்ளே வளையம் கோத்திருப்பதால் உருளையாக நின்று காற்றுக்கு ஆடும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதற்கென்றே கைதேர்ந்தவர்கள் உண்டு. ஒடிசாவில் பூரிக்குப் பக்கத்தில் பிப்லி என்று ஓர் ஊரே ஒட்டுத்துணி வேலைக்குப் பேர் போனது. பூரியில் துணியின் கலரை வைத்தே இது யார் தேர் என்று சொல்லிவிடலாம். ஜகந்நாதருக்கு சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்கு சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்கு சிவப்பும் கறுப்பும்.

நம் அண்ணாச்சியோ அந்தப் பெரிய மனிதர்கள் வரிசையில் சேராதவர். சாதாரண நாளில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவர். வருஷத்துக்கு ஒருமுறை தேர்ச்சீலையில் கிழிசல் தைக்கக் கூப்பிடுவார்கள்.

"இங்க பாருங்க" என்று ஓர் இடத்தை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். "இந்தச் சிவப்பு பழசு. இது போன வருசம் நான் வச்ச ஒட்டு. வைக்கிறப்ப ரெண்டும் ஒட்டவே இல்ல, பளிச்சுனு தனியா நின்னுச்சு. இப்பத் தெரியுதா?"

தெரியவில்லை.

"நம்ம ஊரு வெயிலு தம்பி! ஒரே ஒரு தேருக்கு வெளிய வந்துட்டுப் போகட்டும், ரெண்டையும் ஒண்ணாக்கிரும்."

ஒட்டுப் போடக் கற்றுக்கொண்டது அம்மாவிடமாம். நைந்துபோன நூல் சேலை நாலை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வரிவரியாக ஓட்டுத் தையல் போட்டு விரிப்பாக்கிவிடுவாராம் அந்த அம்மாள். வங்காளத்தில் இதையே 'காந்தா' என்று பெயர் வைத்து ஷோரூமில் விற்கிறார்கள். இங்கே அதற்குப் பெயர், பிள்ளை படுக்கிற துணி. அவ்வளவுதான்.

"இப்ப யாரு தைக்கிறா? சேலை பூராம் பாலியெஸ்டர். படுத்தா வேர்க்கும். தேருக்கும் வெல்வெட்டு, சாட்டின்னு வாங்கிட்டு வந்துர்றாங்க. மினுக்கும், இல்லேங்கல. ஆனா காடா, காத்தைக் கொஞ்சம் உள்ள விடும். இது விடாது. பாய்மரம் மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, கட்டின கயித்தைப் பிச்சுக்கிட்டு வரும்."

துணியின் கீழ்க்கரையில் மஞ்சள் எழுத்துக்கள் தெரிந்தன. 'உபயம்' என்று ஆரம்பித்து ஒரு குடும்பத்தின் பெயர், ஊர், இனிஷியல் எல்லாம். யாளியைவிடக் கொஞ்சம்தான் சின்னது!

"இந்த எழுத்து யார் தைச்சது அண்ணாச்சி?"

"நான்தான். யாளியைக்கூடத் தைச்சிரலாம் தம்பி. இந்த 'ஔ', 'ஷ' ரெண்டும் வந்துச்சுன்னா தாவு தீர்ந்துரும்."

ஓரிகனில் ஒவ்வொரு போர்வைக்கும் தைத்தவர் பெயரை எழுதி வைப்பார்கள். அதைச் சொல்லி, உங்கள் பெயர் எங்கே என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் ஏதோ சம்பளம் கேட்கச் சொல்லிக் கொடுப்பது போலப் பார்த்தார்.

"எம் பேரா? அது எதுக்கு? கிழிஞ்சா என்னத்தானே தேடுறாங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பணம் கொடுத்தவர் பெயரை எழுத்துக் கூட்டித் தைத்த கைக்கு, ஒரு மூலையில் இரண்டு அங்குலம் ஒதுக்கினால் தேர் ஓடாதா என்ன?

மறுநாள் காலை வடம் பிடித்தார்கள். பிரமாதம் ஸார்! முதல் நாள் தரையில் சப்பையாகக் கிடந்த யாளி, வெயில் பட்டதும் எழுந்து நின்று முறைத்தது. தொம்பைகள் நாலும் நாலு திசைக்கு ஆட, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மயில்கள் ஒருமுறை தோகையைச் சிலிர்த்துக்கொண்டன. என் பக்கத்தில் தோளில் குழந்தையோடு நின்ற ஒருவர் விரல் நீட்டி, "அங்க பாரு கிளி, அங்க பாரு சிங்கம்" என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

தேர் நிலைக்கு வந்தது. கூட்டம் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கூட்டத்துக்குப் பின்னால் நம் அண்ணாச்சி, கையைக் கண்ணுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, தேரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சாமி கும்பிட்டாச்சா?"

"இருங்க தம்பி, வர்றேன். எந்த வயர்ல மாட்டுச்சோ, கெழக்குப் பக்கத்துக் கிளிக்கு ஒரு றெக்கையைக் காணோம்" என்றவர், சட்டைப்பையில் இருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் குறித்துக்கொண்டார்: 'பச்சை - அரை மீட்டர்.'