வெயிலுக்கு எந்த ஸ்வரம்?

30 டிகிரி வெயிலுக்கு எந்த ஸ்வரம்? யாராலும் சொல்ல முடியாது. எண்ணுக்கென்று சொந்தமா ஒரு ஒலி கிடையாது. அதனால, சூழல் தரவுகளை இசையாக்கும் கலைப்படைப்பு எதைக் கேட்டாலும், எந்த எண்ணுக்கு எந்த ஒலின்னு முடிவு பண்ணிய விதியையும் சேர்த்துத் தெரிஞ்சுக்கணும்.

2013இல் டேனியல் கிராஃபோர்ட் என்ற மினசோட்டா பல்கலைக்கழக மாணவர், உலக சராசரி வெப்பநிலையைச் செல்லோவில் வாசித்தார். 1880 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒரு ஸ்வரம். மிகக் குளிர்ந்த ஆண்டுக்கு ஆகக் கீழான ஸ்வரம். அங்கிருந்து ஏறத்தாழ 0.03 டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு அரைஸ்வரம் மேலே, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த கட்டை. இப்படி மூன்று ஸ்தாயி வருது. முதலில் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும் இசை, கடைசிப் பகுதியில் மேலே போய் அங்கேயே நின்னுடுது. கேட்கக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

இப்போ அந்த 0.03ஐ 0.3 ஆக்கிப் பாருங்க. அத்தனை வருஷமும் நாலஞ்சு கட்டைக்குள்ள அடங்கிடும். தரவு அதேதான், ஆனா பயம் போயிடும். இரண்டுமே பொய் இல்லை. அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வாதம் முடிஞ்சுடுது.

ஜான் லூதர் ஆடம்ஸின் படைப்பு வேற மாதிரி. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில், பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குள் ஒரு அறை. 2006இல் திறந்தது. நில அதிர்வு, புவிகாந்தம், வானிலை, சூரிய சந்திரர் இருக்கும் இடம் எல்லாம் அந்தந்த நேரத்திலேயே கணினிக்கு வந்து ஒலியாகுது. துருவ ஒளிக்கு மணியோசை, நில அதிர்வுக்கு ஆழமான முரசொலி. நில அதிர்வு பெரும்பாலும் நொடிக்கு 20 அதிர்வுக்கும் கீழே இருப்பதால் நம் காதுக்கு எட்டாது. ஆக, அந்த முரசு பூமியின் குரல் இல்லை, ஆடம்ஸ் கொடுத்த குரல்.

இது குறை இல்லை, மறைச்சாத்தான் குறை. 'ஊடாடும் கலை'ன்னு சொல்லி, கையசைத்தால் சத்தம் மாறும்படி பலர் செய்றாங்க. அதைவிட அந்த அளவுகோலைத் திருகும் குமிழைப் பார்வையாளர் கையில கொடுக்கலாம். 0.03, 0.3 இரண்டையும் அவரே கேட்டுப் பார்க்கட்டும். அதே 133 ஆண்டுகள் பயமுறுத்துவதையும் சாதுவாகிவிடுவதையும் காதால கேட்டவர், அடுத்த முறை செய்தியில் ஒரு வரைபடத்தைப் பார்த்தா முதலில் அதோட அளவுகோலைத்தான் தேடுவார்.