ஏலக்காய் ஸ்டோரில் நடக்கும் மாற்றங்கள்



போன வாரம் அறிவியல் வகுப்பில் டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்க. “ஏலக்காய் காயுதே, அது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?” பாதிப் பேர் அது என்றார்கள், பாதிப் பேர் இது என்றார்கள். நான் “இயற்பியல் மாற்றம்” என்றேன். “வீட்டுல கேட்டுட்டு வா” என்றாங்க டீச்சர். ஏன்னா எங்க அப்பா மலையில் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறாங்க.

முதலில் பாடம். ஒரு பொருளின் வடிவம், அளவு, நிலை மட்டும் மாறி, புதுப்பொருள் எதுவும் உண்டாகாவிட்டால் அது இயற்பியல் மாற்றம். ஐஸ் உருகுவது, சீனி தண்ணீரில் கரைவது இதில் சேரும். புதுப்பொருள் உண்டானால் அது வேதியியல் மாற்றம். இரும்பு துருப்பிடிப்பதும், பால் தயிராவதும் அப்படித்தான்.

இப்போ ஸ்டோருக்குள் போவோம். எங்க அம்மா மாதிரி ஆட்கள் விடியக்காலம் ஜீப்பில் மலையேறிப் போய் எடுக்கிற பச்சைக்காய் 100 கிலோவில் சுமார் 80 கிலோ தண்ணீர்தான். அதைத் தட்டுகளில் பரப்பி, 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் காய வைப்பார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும். நாலு அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். தண்ணீர் ஆவியாவது இயற்பியல் மாற்றம். அப்போ நான் சொன்னது சரிதானே?

அப்பா சிரிச்சாங்க. “அடுப்புல எரியிறது ஒண்ணு, மேல காயிறது ஒண்ணு தாயி. ரெண்டையும் பாத்துக்கணும்” என்றாங்க. விறகு எரிந்து சாம்பலும் புகையும் ஆவது வேதியியல் மாற்றம். அந்தச் சூடு மட்டும் குழாய் வழியாக அறைக்குள் போகணும். புகை காயில் படக் கூடாது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல். கண் அசந்துட்டாங்க. விறகு நிறையப் போட்டிருந்ததால் சூடு ஏறிவிட்டது. விடிஞ்சு பார்த்தால் காயெல்லாம் பழுப்பு. பச்சை நிறம் போனால் விலையும் போச்சு. அப்பா சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். “தண்ணியில ஊற வச்சுக்கூடப் பாத்தேன் தாயி. காய் உப்புச்சு, பச்சை வரல” என்றாங்க.

ஏன் வரல? காய்க்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூடு அதிகமானால், காயில் உள்ள அமிலம் சேர்ந்து அந்த மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். பச்சையம் வேறு பொருளாகிப் பழுப்பாகிவிடும். இது வேதியியல் மாற்றம். போன தண்ணீரைத் திரும்ப ஊற்றலாம், போன மக்னீசியத்தை அப்படி ஊற்ற முடியாது. இதனால்தான் சில இடங்களில் காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துக் காய வைக்கிறார்கள். சோடா அமிலத்தை அடக்கிவிடும்.

ஆகவே டீச்சரின் கேள்விக்கு விடை: இரண்டுமே! இயற்பியல் மாற்றம் முழுசாக நடக்கணும், காயில் வேதியியல் மாற்றம் முடிந்த அளவு நடக்காமல் காக்கணும். ராத்திரி முழுக்க அப்பா தூங்காமல் பார்ப்பது இதைத்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது, “இத்தன வருஷம் செஞ்சேன், காரணம் இப்பத்தான் தெரியுது” என்றாங்க.

ஒரு எச்சரிக்கை! ‘திரும்பி வராவிட்டால் வேதியியல் மாற்றம்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். ஏலக்காயைப் பொடித்தால் திரும்ப முழுக்காய் ஆகாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான். புதுப்பொருள் உண்டானதா என்றுதான் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்: கொஞ்சம் கீரையை வெறும் தண்ணீரில் திறந்து வைத்து வேக வையுங்கள். இன்னும் கொஞ்சத்தைப் புளித்தண்ணீரில் வேக வையுங்கள். எது பழுப்பாகிறது? ஏன்? விடையை ஒரு தாளில் எழுதி டீச்சரிடம் கொடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பொட்டிபுரம்