பொன்னுக்கு வீங்கியும் உமிழ்நீரும்

திருவனந்தபுரத்திற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுராவையும் கல்லாற்றையும் கடந்து, 22 கொண்டையூசி வளைவுகளை ஏறினால் பொன்முடியை அடைகிறோம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், மூடுபனி தவழும் மலை அது. அங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கின்றன. அத்தகைய ஒரு வீட்டை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த சிறுவன் ஒருவன் காலையில் எழுந்ததும் காதடியைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். கன்னம் உப்பியிருக்கிறது, காதின் மடல் சற்றே வெளிப்புறம் தள்ளப்பட்டிருக்கிறது. பாட்டி பார்த்தவுடனே, 'பொன்னுக்கு வீங்கி' என்கிறாள். தாயின் சங்கிலி பிள்ளையின் கழுத்துக்கு ஏறுகிறது. இவ்வளவு போதுமா, மலையை விட்டிறங்கி மருத்துவரிடம் செல்லவேண்டுமா என்பதே அவ்வீட்டாரின் கேள்வி. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இதே கேள்வி எழக்கூடும்.

முதலில் உமிழ்நீரைப் பற்றிச் சிறிது அறிவோம். நம் வாயைச் சுற்றி மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. காதுக்கு முன்னும் கீழுமாக ஓர் இணை; கீழ்த்தாடையின் அடியில் ஓர் இணை; நாவின் அடியில் ஓர் இணை. இவையன்றி உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உண்டு. இவையனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நீரைச் சுரக்கின்றன. சோற்றிலுள்ள மாவுப்பொருள் செரிக்கத் தொடங்குவது இந்நீராலேதான். உணவை வழுவழுப்பாக்கி விழுங்கச் செய்வதும், வாயின் புளிப்பை மட்டுப்படுத்திப் பற்களைக் காப்பதும் இதன் பணிகளே.

பொன்னுக்கு வீங்கி என்பது காதடிச் சுரப்பியை வைரஸ் கிருமி தாக்குவதால் வரும் நோய். நோயாளி இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளின் வழியே இது பரவுகிறது. கிருமி உட்புகுந்து இரண்டு, மூன்று வாரங்கள் சென்ற பின்னரே வீக்கம் தோன்றும். வீக்கம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே நோய் பிறருக்குத் தொற்றும் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். இக்கிருமியைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. ஓய்வும், நிறையப் பானமும், மென்மையான உணவும், வலிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் கூறும் மாத்திரையுமே சிகிச்சை. புளிப்பு சுரப்பைத் தூண்டி வலியை மிகுவிக்கும். ஆதலால் அதனை விலக்குதல் நன்று. பெரும்பாலோர்க்குப் பத்து நாட்களுக்குள் வீக்கம் வடிந்துவிடும்.

பொன் சங்கிலி அணிவதால் தீங்கில்லை. ஆனால் நோய்க்கு அதனால் பயனும் இல்லை. பிள்ளையை வீட்டை விட்டு வெளியே அனுப்பாத வழக்கம் மட்டும் மெய்யாகவே பயனுள்ளது. வீக்கம் கண்ட நாளிலிருந்து ஐந்து நாட்களேனும் பள்ளிக்கு அனுப்பலாகாது. சுவருக்குச் சுவர் ஒட்டிய லயங்களில் இது மிகவும் இன்றியமையாதது.

சிறுவர்க்கு எளிதாகத் தீரும் இந்நோய் வளர்ந்தவர்களைச் சில வேளைகளில் கடுமையாக வருத்தும். தடுப்பூசி போடாத இளைஞர்களில், நோயுற்றோர் நூற்றுக்கு முப்பது பேர் வரை விதைப்பை வீங்கி வலியுறக்கூடும். வெட்கத்தால் இதனை மறைப்பவர் உண்டு, மறைக்கலாகாது. மகப்பேற்றுத் திறனை அடியோடு இழப்பது அரிதே. எனினும் மருத்துவரிடம் காட்டுதல் கடமை. கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, மயக்கம், திடீரெனக் காது கேளாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் மலையை விட்டு இறங்கவேண்டும்.

தடுப்பூசியின் வரலாறு சுவையானது. 1963ஆம் ஆண்டில் மாரிஸ் ஹில்மன் என்னும் அமெரிக்க அறிவியலர், இந்நோய் கண்ட தம் மகளின் தொண்டையிலிருந்தே கிருமியை எடுத்தார். அதனை வலுக்குன்றச் செய்து அவர் ஆக்கிய தடுப்பு மருந்துக்கு 1967இல் அங்கே அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் 2017 முதல் அரசுத் திட்டத்திற் சேர்க்கப்பட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. மூன்று நோய்களையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி வேறு. கேரளத்தில் 2024ஆம் ஆண்டில் இந்நோய் பெருவாரியாகப் பரவி 60,000க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்குப் போட்டது எவ்வூசி என்பதை அட்டையைப் பார்த்து மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

காதடியிலும் தாடையிலும் தோன்றும் வீக்கமெல்லாம் பொன்னுக்கு வீங்கியன்று. உணவு உண்ணும்போது ஒரு பக்கத் தாடையின் கீழ் வீங்கி வலித்து, ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடுமாயின், சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருக்கலாம். இக்கற்கள் மிகுதியும் தாடையடிச் சுரப்பியிலேயே உண்டாகின்றன. சிறு கல்லாயின் நிறைய நீர் பருகி, வெந்நீர் ஒற்றடமிட்டு, மெல்லப் பிடித்துவிட, தானே வெளிப்படலாம். இவர்களை எலுமிச்சையைச் சுவைக்கும்படி மருத்துவர் கூறுவதுண்டு. ஒருவருக்கு ஆகாத புளிப்பு மற்றொருவருக்கு மருந்தாவதைப் பாருங்கள்! நோயை அறியாமல் வைத்தியம் செய்யலாகாது என்பதற்கு இதுவே சான்று.

வீக்கம் சிவந்து, சூடேறி, வாயில் சீழ்ச்சுவை தட்டினால் அது வேறு கிருமியால் வந்த அழற்சி. போதிய நீர் பருகாத முதியோர்க்கு இது மிகுதி. இதற்குத் தக்க மருந்து உண்டு. வாய் எந்நேரமும் வறண்டிருப்பதும் ஒரு கோளாறே. சில மாத்திரைகளாலும், நீரிழிவாலும், உடலின் காப்பாற்றலே சுரப்பிகளைத் தாக்கும் நோயாலும் அது நேரலாம்; கவனியாவிடில் பற்கள் விரைவிற் கெடும். எதுவாயினும் வீக்கத்தைக் கத்தியால் கீறவோ, சூடு போடவோ கூடாது. முகத்தை அசைக்கும் நரம்பு காதடிச் சுரப்பியின் ஊடே செல்கிறது. அது அறுந்தால் முகம் கோணிவிடும். வலியில்லாத கட்டி மூன்று வாரமாகியும் கரையாவிடில் அதனையும் மருத்துவர் பார்க்கவேண்டும்.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். மலையாளத்தில் பொன்னுக்கு வீங்கிக்கு 'முண்டிநீர்' என்று பெயர். அங்கே 'நீர்' என்பது வீக்கத்தையும் குறிக்கும். 'பனி' என்றால் காய்ச்சல். பொன்முடிக் குளிரில் நின்று 'பனி' என்று நாம் சொல்வது ஒன்று, மருத்துவர் கொள்வது மற்றொன்று! கன்னட நாட்டில் இந்நோய் 'மங்கன பாவு'; ஆந்திரத்தில் 'கவதபில்லலு'; மராட்டியத்தில் 'கால்குண்ட்'; இந்தியில் 'கல்சுவா'. நாம் வாழும் ஊரில் இதற்கு வழங்கும் பெயரை முன்னரே அறிந்து வைப்போம். எப்போது வீங்கியது, உண்ணும்போது மிகுகிறதா, ஒரு பக்கமா இரு பக்கமா என்னும் மூன்றையும் தெளிவாகச் சொல்லக் கற்போம். அவ்வாறு செய்தால், அயலூரிலும் நம் பிள்ளைகளின் நோய்க்கு உரிய மருந்து உரிய காலத்திற் கிட்டும்.