பேக்கர்–வேங்கடராமன் வினையும் பெயரீடும்

வேதியியலில் ஒரு வினைக்கு அதனைக் கண்டறிந்தோரின் பெயரைச் சூட்டுவது பதக்கமில்லாத பரிசாகும். சென்னையில் 1901இல் பிறந்த கே. வேங்கடராமன் அப்பரிசைப் பெற்றவர். மும்பை மாதுங்காவிலுள்ள வேதித் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் வளர்ச்சி அவர் பெயரோடு பிணைந்தது.

அவர் 1920களில் மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் ஆய்வு பயின்றார். தாவரப் பொருள்கள் பற்றிய ஆய்வுக்காக 1947இல் நோபல் பரிசு பெற்றவர் இராபின்சன். பூக்களிலும் மரங்களிலும் காணப்படும் ஃபிளேவோன் என்னும் மஞ்சள் நிறமிகளை ஆய்வகத்தில் ஆக்கும் முறையொன்றை ஆலன் என்பாரும் அவரும் 1924இல் வெளியிட்டிருந்தனர். அம்முறைக்கு மிகுந்த வெப்பம் தேவைப்பட்டது.

பின்னர் இலாகூரில் ஆசிரியராயிருந்த வேங்கடராமன், மகால் என்பாருடன் சேர்ந்து வேறொரு வழியைக் கண்டார். ஹைட்ராக்சி அசிட்டோஃபீனோனின் ஆக்சிஜனுடன் முதலில் பென்சாயில் தொகுதி இணைக்கப்படுகிறது. காரத்தைச் சேர்த்தவுடன் அத்தொகுதி ஆக்சிஜனை விட்டு அருகிலுள்ள கார்பனுக்கு இடம்பெயர்கிறது. இவ்வாறு தோன்றும் டைகீட்டோனை அமிலத்தில் இட்டால், ஒரு நீர் மூலக்கூறு நீங்கி வளையம் மூடுகிறது, ஃபிளேவோன் கிடைக்கிறது. ஒரு தாவர நிறமியின் அமைப்பு இன்னதென உய்த்துணர்ந்தால் போதாது. அதனையே கட்டிக் காட்டி இயற்கைப் பொருளோடு ஒப்பிட்டாலன்றி ஐயம் நீங்காது. இவ்வினையின் பயன் அதில்தான் உள்ளது.

இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் தனியே இதனைக் கண்டு 1933இல் வெளியிட்டார். மகால், வேங்கடராமன் இருவரின் விரிவான கட்டுரை 1934இல் வந்தது. அதில் மகாலின் பெயரே முன் நிற்கிறது. வினையின் பெயரிலோ அவர் இல்லை. இராபின்சனின் வினை இன்றும் ஆலன்–இராபின்சன் வினை என வழங்குவதை நோக்க, இது நேர்மையான பெயரீடு எனக் கொள்வதற்கில்லை. குறை வேங்கடராமனுடையதன்று, பெயர் சூட்டியோருடையது.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறையில் 1934இல் சேர்ந்த அவர், 1938இல் அதன் இயக்குநரானார். துறை 1943இல் மாதுங்காவிற்குப் பெயர்ந்தது. துணியாலைகள் நிறைந்த அந்நகரில் சாயம் ஏட்டுப் பொருளன்று, அன்றாடத் தேவை. செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றிய அவரது பெருநூலின் முதலிரு தொகுதிகள் 1952இல் வெளிவந்தன. 1957இல் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1961இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

பழைய சாயங்களையும் அவர் மறக்கவில்லை. புத்தத் துறவியரின் ஆடைக்கு மஞ்சள் ஏற்றப் பயன்பட்ட பலா மரத்தின் வைரத்தை மாதுங்காவிலும் புனேயிலும் ஆராய்ந்தார். அம்மரத்தின் ஆர்ட்டோகார்ப்பின் என்னும் ஃபிளேவோன் பற்றிய 1956ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் உடனாய்வாளர் டேவ் என்பாரின் பெயரே முதலில் உள்ளது.